கறுப்பு நூல் முதலில்

நாலு மாதமாகச் செய்துவரும் மாதிரி மரக்கப்பலுக்குப் போன வாரம்தான் கயிறு கட்டத் தொடங்கினேன். ஒற்றைப் பாய்மரம் கொண்ட கட்டர் வகைக் கப்பல், 1:64 அளவு. உடலும் தளமும் முடியும்வரை பெட்டியோடு வந்த கையேடு கூடவே வந்தது. கயிறு என்றதும் ஒரே ஒரு படம், சில அம்புக்குறிகள். எதை முதலில் கட்டுவது என்று ஒரு வரி இல்லை. புதிதாகப் பழகுபவர்களுக்கென்று விற்கும் பெட்டியில் இது நியாயமே இல்லை.

விடை நிஜக் கப்பலில் இருந்தது. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் அசையாதவை. மழையிலும் உப்பிலும் மக்காமல் இருக்க அவற்றுக்குத் தார் பூசுவார்கள், அதனால் கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்குபவை கப்பிகளில் ஓட வேண்டியவை, அவற்றுக்கு வெளிர் பழுப்பு. கறுப்பை முடித்த பிறகுதான் பழுப்பு. பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் இறங்கும் தாங்கு கயிறுகளான ஷ்ரவுட்களை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என மாற்றி மாற்றிக் கட்டினால் மரம் சாயாது.

அப்புறம் ராட்லைன், மாலுமிகள் ஏறும் கயிற்றுப்படி. நிஜத்தில் சுமார் 15 அங்குல இடைவெளி என்றால் எனக்கு 6 மில்லிமீட்டர். தாளில் கோடு போட்டு ஷ்ரவுட்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தால் பிசிறு அடங்கிவிடும். முடிச்சை மட்டும் இறுக்கி இழுக்காதீர்கள், ஷ்ரவுட்கள் உள்வாங்கி நடுவில் ஒடுங்கிவிடும். மூன்றாவது படியில் எனக்கு அப்படித்தான் ஆனது. பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். இன்று இரவோடு 11 படி முடிந்திருக்கிறது.

இதே இடத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால் சொல்லுங்கள், கோடு போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.