ஆச்சி படம்தான் சாவி

2024 ஜூலை 6, சனி

வீட்டுப் பத்திரம், பட்டா, அம்மாவின் மருத்துவக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கோப்புகளை மறையாக்கிப் பூட்டும் வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் போட்டுப் பூட்டிவிட்டேன். கடவுச்சொல்லோடு ஒரு சாவிக் கோப்பும் கொடுத்தேன், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்: ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். பென்டிரைவில் நாற்பது படங்களுக்கு நடுவில் அதுவும் கிடக்கும். மடிக்கணினியைத் திருடியவனுக்குப் பென்டிரைவ் கிடைக்காது, கிடைத்தாலும் எது சாவி என்று தெரியாது. கெட்டிக்காரன்தான் நான்.

ஜூலை 9, செவ்வாய்

திறக்கவில்லை. கடவுச்சொல் தவறாக இருக்கலாம், இது வெராகிரிப்ட் கோப்பாகவே இல்லாமலும் இருக்கலாம் என்று காரணங்களை அடுக்குகிறது. எது என்று அதற்கே தெரியாது. பூட்டிய கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பகுதியை நாம் கொடுத்ததை வைத்துப் பிரித்துப் பார்க்கும். உள்ளே 'VERA' என்ற நான்கு எழுத்து அடையாளம் தென்படாவிட்டால் கையை விரித்துவிடும். பத்துத் தடவை தட்டிப் பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது தங்கை சொன்னாள்: "அண்ணே, ஆச்சி படம் சாய்ஞ்சு கிடந்துச்சு. நிமித்தி வச்சிருக்கேன்." பிரிண்ட் போட பென்டிரைவை எடுத்தாளாம். சோறு இறங்கவில்லை.

ஜூலை 10, புதன்

கண்ணுக்கு அதே ஆச்சி, கணினிக்கு வேறு கோப்பு. சாவிக் கோப்பில் முதல் 10,48,576 பைட்களைத்தான் வெராகிரிப்ட் எடுத்துக்கொள்ளும். படம் எந்தப் பக்கம் திரும்பியது என்ற குறிப்பு இருப்பதோ கோப்பின் தொடக்கத்திலேயே. ஒரு பிட் மாறினாலும் போச்சு. பெயரை மாற்றியிருந்தால்கூடப் பாதகமில்லை, பெயரை அது பார்ப்பதே இல்லை. பழையபடி திருப்பியும் பார்த்தேன், பயனில்லை. குடும்பக் குழுவில் போட்டிருந்த படம் சுருங்கிப்போன படம். அதுவும் ஆகாது.

ஜூலை 13, சனி

கிடைத்துவிட்டது! பழைய கைபேசியின் மெமரி கார்டில் அசல் படம். முதல் தடவையிலேயே திறந்தது.

இனிமேல் படம் வேண்டாம். வெராகிரிப்டே சாவிக் கோப்பு செய்து தருகிறது: மவுஸை இஷ்டத்துக்கு ஆட்டினால் 64 பைட் கிறுக்கல். அதையே சாவியாக்கி இரண்டு பென்டிரைவில் வைத்தேன். ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று அம்மா பீரோவில்.

சாவியை மாற்றினால் தலைப்பகுதி மட்டும்தான் புதிதாக எழுதப்படுகிறது, உள்ளே இருப்பவை பழைய பூட்டிலேயேதான் இருக்கின்றன. போன வாரம் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த நகலை ஆச்சி படம் இன்னமும் திறக்கும். அதை நாளைக்கு அழிக்க வேண்டும்.

தங்கை படத்தை பிரேம் போடக் கொடுத்திருக்கிறாள். நிமிர்ந்த படத்தைத்தான்.