பெரியம்மாவின் கோபத்துக்கு ஓர் எண் கிடைத்தது

74 வயதான என் பெரியம்மா, தன் சங்கிலியை நான் திருடிவிட்டதாக ஒரு மாலையில் தெருவே கேட்கும்படி கத்தினார். சங்கிலி அவர் கழுத்தில்தான் இருந்தது. பள்ளிப் பருவம் முழுவதும் என்னைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் அவர் என்பதால், அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் நானும் குரலை உயர்த்திப் பதில் பேசிவிட்டேன்.

வயதானால் புத்தி தடுமாறும் என்றார் ஓர் உறவினர்; மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்றார் இன்னொருவர்; மனத்துக்குள் இருந்த வெறுப்புதான் இப்போது வெளிவருகிறது என்றார் மற்றொருவர். காலையில் அவர் ஓரளவு தெளிவாகவே பேசியதால், மாலையில் பேசுவதெல்லாம் தெரிந்தே பேசுவதுதான் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

மருத்துவர் முதலில் கேட்டது, இந்த மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்பதைத்தான். அதற்குச் சில நாட்களுக்கு முன் பெரியம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தன. அப்போதும் இரத்த அழுத்தத்துக்கான, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் நீர் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, களைப்பு தீர வெறும் தண்ணீரையே நிறையக் குடித்திருந்தார். பரிசோதனையில், 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 116 ஆக இருந்தது. ‘உப்பு குறைந்துவிட்டது’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரத்தத்தில் சோடியம் வேகமாகக் குறையும்போது மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குகின்றன, குழப்பத்தில் தொடங்கி வலிப்பு வரையிலும் அது கொண்டுபோய்விடும். இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். மறதிநோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. டெலிரியமோ சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும், பல நேரங்களில் மாலையிலும் இரவிலும் மோசமாகும். அவருடைய காலைத் தெளிவை நான் எவ்வளவு தவறாகப் படித்திருக்கிறேன்! சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை தாழ்வது, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் முதியவர்களை இப்படி ஆக்கிவிடக்கூடும்.

சோடியத்தை அவசரமாக ஏற்றினால் அதுவே மூளையைப் பாதிக்கும் என்பதால், அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து, நாளுக்கு 8 அலகுக்கு மிகாமல் ஏற்றினார்கள். நான்காம் நாள் காலையில் பெரியம்மா என் பெயரைச் சொல்லி அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

116 என்ற எண்ணைக் கேட்டவுடன் உறவினர் அனைவரும் அவரை மன்னித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எங்கள் பகுதியில் மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவரும் இதே போலத்தான் அக்கம்பக்கத்தார் மீது சந்தேகப்படுகிறார். அந்த நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாததால், காட்டுவதற்கு அவரிடம் ஓர் எண்ணும் இல்லை, ஊர் அதைத் திமிர் என்கிறது. முன்பு நானும் அவரைக் கண்டால் விலகித்தான் போவேன். இப்போது நின்று, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வருகிறேன்.