மூன்றாவது சர்வரும் நான் படிக்காமல் தாண்டிய எச்சரிக்கையும்

நாகர்கோவிலில் நான் பார்த்துக்கொள்ளும் சிறிய டேட்டா சென்டரில் மூன்று சர்வர்களும், அவற்றின்மேல் மென்பொருளால் உருவாக்கி ஓடும் இருபத்திரண்டு விஎம்களும் (மெய்நிகர் கணினிகளும்) உள்ளன. அந்த விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ-இன் 6.7 பதிப்புக்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-ஆம் தேதியே முடிந்துவிட்டது, நானோ 8.0-க்கு மாறுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே சனிக்கிழமை இரவில் முடித்துவிடலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லித் தொடங்கிய பணி பதினோரு நாட்களை விழுங்கியது.

ஹோஸ்ட்களுக்கு, அதாவது இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களுக்கு முன், அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வி-சென்டரை மேம்படுத்த வேண்டும் என்பது தெரிந்ததே. அது சிக்கலின்றி முடிந்தது. அடுத்து, பயன்படுத்திய நிலையில் பின்னாளில் வாங்கிச் சேர்த்த மூன்றாவது சர்வரைக் கையில் எடுத்தேன். நிறுவும்போது, ஆதரவில்லாத சாதனம் ஒன்று இருப்பதாக எச்சரிக்கை வந்தது. பயன்படாத ஏதோ ஒரு நெட்வொர்க் போர்ட்டாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு என்டரைத் தட்டினேன். சர்வர் ஒழுங்காக எழுந்தது. ஆனால் விஎம்களின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோர் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு, 7.0-இலிருந்து கைவிடப்பட்ட பழைய லினக்ஸ் வகை டிரைவரை நம்பியிருந்த மாடல். வட்டுப் பிரிவுகளின் அமைப்பே 7.0-இலிருந்து மாறிவிட்டதால், பழைய பதிப்புக்கு அப்படியே திரும்பவும் வழியில்லை. எஞ்சிய இரு சர்வர்களில் ஒன்றை நிறுத்தினால் மற்றதன் நினைவகம் எல்லா விஎம்களையும் தாங்காது. ஆகவே முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றேன். "சாரே, வேலை இன்னைக்குத் தீருமா?" என்று ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் விடியற்காலையில் வந்து கேட்டபோது, அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

புதிய கார்டு திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் இருப்பதாக அறிந்து, களியக்காவிளை நெரிசலைக் கடந்து போய் வாங்கி வந்தேன். கார்டு சரி, அதைச் சர்வரின் பின்புறத்தில் பிடித்து நிறுத்தும் தகடுதான் முழு உயரத்துக்கானது. எங்கள் சர்வரிலோ அரை உயர இடம் மட்டுமே உண்டு. உயரத்தைத் தொலைபேசியிலேயே கேட்டிருந்தேன், "எல்லாம் சேரும்" என்றார் கடைக்காரர். மறுநாள் மீண்டும் அதே பயணம். தகட்டை மாற்றிப் பொருத்திய பிறகும் டேட்டாஸ்டோர் தெரியாதபோது ஒரு கணம் கார்டின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புதிய கார்டுக்குப் புதிய டபிள்யூடபிள்யூஎன் எண் (ஒவ்வொரு ஃபைபர் சேனல் கார்டுக்கும் உரிய தனி அடையாள எண்) உண்டு என்பதையும், அதை எந்தச் சாதனம் எதோடு பேசலாம் என்று ஸ்விட்சில் வரையறுக்கும் ஜோனிங்கிலும் ஸ்டோரேஜின் ஹோஸ்ட் பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்பதையும் மறந்திருந்தேன். சேர்த்த சில நிமிடங்களில் எல்லாம் வரிசையாகத் தோன்றின. மற்ற இரு சர்வர்களும் அடுத்த இரவில் முடிந்தன. இதைச் செய்யப் போகிறவர்கள் கார்டின் பெயரை மட்டும் பார்க்காமல், அதன் சாதன அடையாள எண்ணை எடுத்துப் பொருந்தும் வன்பொருள் பட்டியலில் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விஎம்களில் முதலில் அவற்றுக்குள் நிறுவப்படும் துணை மென்பொருளான டூல்ஸ், பிறகு விஎம்மின் மெய்நிகர் வன்பொருளைக் குறிக்கும் ஹார்டுவேர் பதிப்பு 20 என்ற வரிசையில் மேம்படுத்திக்கொண்டு போனேன். பதிப்பை ஏற்றியபின் இறக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் முன்பாக, திரும்பிவர உதவும்படி அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, சரிபார்த்தபின் நீக்கினேன். கணக்குப் பிரிவின் விஎம்மில் மட்டும் ஆசை மிகுந்து, பழைய ஈ1000 வகை மெய்நிகர் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிட்டு, புதிய வகையான விஎம்எக்ஸ்நெட்3-ஐச் சேர்த்தேன். மறைந்துகிடந்த பழைய அடாப்டர் ஐபி முகவரியைப் பிடித்துவைத்திருந்தது; டிவைஸ் மேனேஜரில் அதைத் தேடி நீக்கினேன். ஆனால் கணக்கு மென்பொருளின் உரிமம் பழைய அடாப்டரின் மேக் முகவரியோடு (அடாப்டருக்கே உரிய அடையாள எண்ணோடு) கட்டப்பட்டிருந்ததால் மென்பொருள் திறக்கவேயில்லை. அதன் விற்பனையாளரோ, மின்னஞ்சல் எழுதுங்கள், மூன்று வேலைநாட்கள் ஆகும் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். ஸ்னாப்ஷாட் இருந்ததால் அன்றிரவே பழைய நிலைக்குத் திரும்பினேன். பிறகு விஎம்மை நிறுத்தி, அதன் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் விஎம்எக்ஸ் கோப்பில் அடாப்டர் வகையை மட்டும் மாற்றியதும் மேக் முகவரி அப்படியே நின்றது, உரிமமும் திறந்தது. அந்த மூன்று வேலைநாட்களுக்கான பதில் இன்றுவரை வரவில்லை.