உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் ராத்திரி மதுரையில் கிளம்பி, வெள்ளிக்கிழமை விடியலில் இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயிலில் போய் நிற்பது எங்கள் அன்பியத்தில் சில வருடங்களாக நடக்கிற வழக்கம். அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்கு: பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், உள்ள வீடுகளை இருபது முப்பதாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புனிதர் பெயரை வைத்துவிடுவார்கள், மாதம் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்து, செபம் சொல்லி, சுண்டலும் காபியும் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். பெயரில் அன்பு இருக்கிறது. சுண்டலுக்குத் தாளிப்பு சரியில்லை என்று சண்டையும் வரும்.

இந்த வருடம் பத்தொன்பது பேர். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்து வாசலில் எட்டரை மணிக்குக் கூடி, இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, காமராஜர் சாலை வழியாகத் தெப்பக்குளம், அங்கிருந்து விரகனூர், சிலைமான் என்று ராமேஸ்வரம் ரோட்டைப் பிடித்தோம். முப்பத்தாறு கிலோமீட்டர். திருப்புவனம் வரைக்கும் செபமாலை, பாட்டு, கிண்டல் எல்லாம் இருந்தது. அதற்கு அப்புறம் லாரிச் சத்தமும் எங்கள் செருப்புச் சத்தமும்தான்.

நான் புது ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தேன். யாத்திரைக்குப் புது ஷூ போடுகிறவனை என்ன சொல்வது, திருப்பாச்சேத்தி வருவதற்குள் இடது குதிகாலில் கொப்புளம் வந்து, அது உடைந்து, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆண்டவரே உமக்காக என்று ஒப்புக்கொடுத்துவிட்டு நடந்தேன். உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, நாளைக்கு அலுவலகத்தில் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்த மாதிரி.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் ஆயாம்மா. ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் தெருவுக்கே ஆயாம்மா. ரப்பர் செருப்பு, தோளில் ஒரு மஞ்சப்பை. நடுவில் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் நொண்டலைப் பார்த்து, "புதுசாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

முத்தனேந்தலில் திரும்பி வைகைப் பாலத்தைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் நாணலும் சீமைக்கருவையும்தான். கொஞ்ச தூரத்தில் கோயில் தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள், இந்தப் பொட்டல் காட்டில் பிரான்ஸ் நாட்டுக் கோயில் எப்படி வந்தது என்று. 1894-ல் பெர்டினாண்ட் செல் என்ற இயேசு சபைச் சாமியார் கட்டியது, பிரான்சில் உள்ள ரீம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டினார் என்பார்கள். ஊசி ஊசியாக மேலே போகிற கோபுரங்கள், உள்ளே கூர்மையான வளைவுகள், காலை வெயில் கண்ணாடி வழியாகத் தரையில் விழுகிற அழகு. ராத்திரி முழுக்க நடந்த உடம்போடு அந்தத் தரையில் முழங்கால் போடும்போது எனக்கு அழுகை வரும். வருடா வருடம் வருகிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு இல்லை.

இந்த ஊருக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. இடைக்காட்டுச் சித்தர் இங்கேதான் ஆடு மேய்த்தார் என்று சொல்வார்கள். பன்னிரண்டு வருடப் பஞ்சம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினார், குருவரகைச் சேற்றில் குழைத்துச் சுவர் எழுப்பினார். ஊரே காய்ந்து கிடந்தபோது எருக்கிலை தின்ற ஆடுகள் அரிப்பெடுத்துச் சுவரில் உரச, தானியம் உதிர, அதை ஆட்டுப்பாலில் வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்தார். இவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று பார்க்க நவக்கிரகங்களே இறங்கி வர, இருந்ததை அவர்களுக்கும் போட்டார். தின்றுவிட்டு அவர்கள் தூங்க, மழை வருகிற மாதிரி அவர்களை இடம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டார், மழை கொட்டியது. கிரகங்களைக் கும்பிட்டு மழை கேட்காமல் சோறு போட்டு மழை வாங்கிய ஆள். பூசைக்கு வந்த இடத்தில் இந்தக் கதை எனக்கு ஏன் ஞாபகம் வந்தது என்றால், அன்றைய முதல் வாசகம் அப்படி.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்குப் பைபிளில் எசாயா இறைவாக்கினர் நூலின் 58-ஆம் அதிகாரம்தான் வாசிப்பார்கள். வருடா வருடம் அதேதான், நான்தான் வருடா வருடம் அசதியில் தூங்கிவிடுகிறேன். இந்தத் தடவை குதிகால் தூங்க விடவில்லை. நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் கவனிக்கவில்லை என்று ஜனங்கள் கடவுளிடம் கோபிக்கிறார்கள். அவர் திருப்பிக் கேட்கிறார்: நோன்பு நாளிலும் வேலையாட்களை வாட்டுகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள். நாணலைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு சாக்குத் துணியிலும் சாம்பலிலும் உட்கார்ந்திருப்பதா நான் கேட்ட நோன்பு? கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவனுக்கு உன் சோற்றைப் பங்கு வைப்பது, வீடில்லாதவனை வீட்டுக்குள் சேர்ப்பது, உடையில்லாதவனுக்கு உடுத்துவது, இதையல்லவா கேட்டேன்?

நாணல். சற்று முன்புதான் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். நெற்றியில் புதன்கிழமை பூசிய சாம்பல் போய்விட்டது, ஆனால் பூசிக்கொண்டவன் நான்தானே. ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தியும் கறி தவிர்க்கிற சுத்தபோசனமும் பிசகாமல் இருக்கிறவன், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா லீவு கேட்டபோது முகத்தைச் சுழித்தது போன வாரம்.

பூசை முடிந்தது. 'சென்று வாருங்கள்' என்று சாமியார் சொல்லி வாய் மூடுவதற்குள் பாதிப் பேர் வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு என்று இல்லை, எல்லாக் கோயிலிலும் அப்படித்தான், எங்கள் பங்கில் கடைசிப் பாட்டுக்கு முன்பே பைக் ஸ்டார்ட் ஆகிவிடும். இத்தனைக்கும் பூசைக்கு லத்தீனில் 'மிஸ்ஸா' என்ற பெயரே அந்தக் கடைசி வார்த்தையிலிருந்து வந்ததுதான், அனுப்பிவைப்பது என்று அர்த்தம். ஒரு மணி நேரச் சடங்குக்கு, வாசலைத் தாண்டு என்கிற சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

நேர்ச்சைக்கு உப்பு மிளகு போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, மரத்தடியில் லெமன் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆயாம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன்.

"போயிட்டு வாங்கன்னு சாமி சொன்னாருல்லப்பா. எங்க போறதுன்னு உங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கிண்டலாகத்தான் சொன்னார். வருடா வருடம் இங்கிருந்து பஸ் பிடித்து மானாமதுரைப் பக்கம் உள்ள தொழுநோயாளர் இல்லம் ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் மதுரை திரும்புவாராம். இத்தனை வருடம் கூட வந்தும் எனக்குத் தெரியாது, சாப்பிட்டுவிட்டு நாங்கள் வேனில் ஏறித் தூங்கிவிடுவோம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். குதிகால் வலிக்கு பஸ் சீட் கிடைத்தால் போதும் என்று இருந்தது, அதுதான் நிஜக் காரணம்.

இல்லத்தில் வேப்ப மரங்கள், நீளமான வராந்தா. அதில் ஏழெட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், அதில் கால். எனக்குச் சுருக்கென்றது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக நடக்கிற பாதம் கழுவும் சடங்கில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைப்பார்களே, அச்சு அசல் அந்தக் காட்சி. ஆனால் நம் கோயிலில் வந்து உட்காருகிற பாதங்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்ட பாதங்கள். போன வருடம் அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன், எனக்குத் தெரியாதா. 2013-ல் பதவியேற்ற சில நாட்களிலேயே போப் பிரான்சிஸ், ரோமில் சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்த பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார், அதில் இரண்டு பேர் பெண்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. பெண்கள் காலைக் கழுவலாமா என்று அப்போது பெரிய சர்ச்சை. 2016-ல் சட்டத்தையே மாற்றிவிட்டார்.

இங்கே கழுவுவது சடங்கு இல்லை, வைத்தியம். கூட்டு மருந்து வந்தபிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிவிடும். இந்தப் பெரியவர்கள் எல்லாம் எப்போதோ குணமானவர்கள்தான், யாருக்கும் தொற்றாது. ஆனால் கிருமி செத்தாலும், அது கொன்றுவிட்டுப் போன நரம்பு திரும்புவதில்லை. காலில் உணர்ச்சி கிடையாது, வியர்வை கிடையாது, தோல் காய்ந்து வெடிக்கும். முள் குத்தினாலும் தெரியாது, அப்படியே நடந்து நடந்து புண்ணாகி, எலும்பு வரைக்கும் போய்விடும். அதனால் தினமும் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, கொதித்தாலும் தெரியாது. ஊறியபின் சொரசொரப்பான கல்லால் தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் முக்கியமான வேலை, உள்ளங்காலைப் பார்ப்பது. சிவந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, ஏதாவது குத்தியிருக்கிறதா என்று விரல் இடுக்கு விடாமல் பார்க்க வேண்டும். மடங்கிய விரல்களையும் மங்கிய கண்ணையும் வைத்துக்கொண்டு தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது அவர்களில் பலருக்கு முடியாது.

மஞ்சப்பையில் இருந்தது இரண்டு தேங்காயெண்ணெய் பாட்டில், ஒரு மூக்குக்கண்ணாடி, பழைய வேட்டித் துணி. ஆயாம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செபம் கிபம் ஒன்றும் சொல்லவில்லை. "என்னய்யா, மருமக வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கல்லால் தேய்த்தார்.

கடைசி இரவு உணவைப் பற்றி நற்செய்தி எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எழுதியிருக்கிறார்கள். யோவான் மட்டும் அந்த இடத்தில் அப்பத்தை எழுதவில்லை, இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காலைக் கழுவியதை எழுதியிருக்கிறார். இதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்பத்துக்கு வருடம் முழுக்க வரிசையில் நிற்கிறோம், துண்டுக்கு வருடத்தில் ஒருநாள். கோயிலுக்கே போகாமல் சேவை செய்யலாமே என்று என் மச்சான் கேட்பான். செய்யலாம். அவன் செய்து நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். ஆயாம்மாவோ ஒருநாள் பூசையை விடமாட்டார்.

சரி, நானும் ஒரு முக்காலியைப் போட்டேன். எனக்குக் கிடைத்த தாத்தா ராமநாதபுரம் பக்கம், சின்ன வயதில் நோய் வந்து இங்கே வந்தவர். அவர் காலை எடுக்கக் குனிந்தபோது என் குதிகால் ஷூவில் உரசி 'ஸ்ஸ்' என்று கத்திவிட்டேன்.

"கழட்டு" என்றார்.

இல்லை தாத்தா, பரவாயில்லை என்றேன். கழட்டு என்றார் மறுபடியும், அதட்டலாக. சாக்ஸை உரித்தபோது ரத்தம். அவர் தன் காலை டப்பிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த வேறு டப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். தண்ணீரில் வைத்ததும் உயிர் போகிற எரிச்சல்.

"எரியுதா?"

"ரொம்ப."

"நல்லாருக்கு" என்று சிரித்தார். "எனக்கு எரிஞ்சிருந்தா ரெண்டு விரல் போயிருக்காது." அப்புறம் என் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைக்கச் சொல்லி, மடங்கிய கையின் புறங்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, குதிகாலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் புண் பார்த்த ஆள். தோலைப் பிய்க்காதே, துணி சுற்று, இந்த ஷூவைத் தூரப் போடு, பெருவிரலில் நகத்தை ஒட்ட வெட்டாதே என்று வரிசையாகச் சொன்னார். பக்கத்து முக்காலியில் ஆயாம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம்தான் அவர் காலை நான் எடுத்தேன். கல்லை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியாது, வலித்தால்தானே சொல்வார். என் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இடது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் சிஸ்டரைக் கூப்பிட்டார், சிஸ்டர் தாத்தாவின் செருப்பை வாங்கி உள்ளே கைவிட்டுத் தடவி, ஒரு சின்ன ஆணி முனையைக் கண்டுபிடித்தார். தாத்தா எட்டிப் பார்த்து, "எத்தனை நாளா இருக்கோ" என்றார், யாரோ ஒருவர் காலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

கிளம்பும்போது எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். மதுரையிலிருந்து இடைக்காட்டூருக்கு நடந்தே வந்தேன் தாத்தா, வருடா வருடம் நடப்போம் என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

"அடுத்த தடவை பஸ்ல வா" என்றார். "இப்பிடிக் காலைப் புண்ணாக்கிக்கிட்டு வந்தா நீ என் காலைப் பாப்பியா, நான் உன் காலைப் பாப்பேனா?"

ஆயாம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டித் துணி சுற்றிய காலோடு பஸ் ஸ்டாப் வரை நொண்டி நொண்டி வந்தேன். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கு ஆயாம்மாவோடு பஸ்ஸில் போனேன், ரப்பர் செருப்பில்.