யார் வீட்டு ஐபி

அந்தப் பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

திரையில் ஐபி, அதாவது நெட் இணைப்பின் முகவரி, மாறிக்கொண்டே போனது. பிரேசில், போலந்து, அப்புறம் கோயம்புத்தூர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள், பழகின ஊர்ப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இது யாரூட்டு ஐபிங்ணா?"

"யாரூடா இருந்தா என்ன? ஒத்துக்கிட்டுத்தான குடுத்திருப்பாங்க."

"அவங்களுக்குத் தெரியுங்களாண்ணா?"

"கம்பெனி கேட்டிருக்கும். நீ கேப்சா வருதான்னு பாரு."

அவ்வளவுதான் பேச்சு. அவள் கேப்சாவை, அந்த 'ரோபோ இல்லை' சோதனையை, பார்க்கப் போய்விட்டாள்.

வேலந்தாவளம் தாண்டி இருக்கும் ஒரு ஆயுர்வேத ரிசார்ட்டுக்கு பேக்லிங்க் போட்டுக்கொண்டிருந்தோம்; கூகிள் தேடலில் அவர்கள் தளம் மேலே வர, மற்ற தளங்களின் கமெண்ட் பெட்டிகளில் அதற்கு லிங்க் கொடுக்கிற வேலை. அதற்கு ப்ராக்ஸி வேண்டும், நம் ஐபிக்குப் பதில் வேறொரு ஐபியைக் காட்டும் இடைவழி. டேட்டா சென்டர் ப்ராக்ஸி மலிவு; ஆனால் தளங்கள் அந்த ஐபி வரிசையையே மொத்தமாகத் தடுத்துவிடும். அதனால் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி, ஜிபி கணக்கில் காசு. ஏதோ ஒரு வீட்டு பிராட்பேண்ட் வழியாக நம் வேலை நடக்கும். அந்த வீட்டுக்காரர் ஒரு இலவச ஆப்பைப் போடும்போது, படிக்காத விதிமுறையில் 'சம்மதம்' அழுத்தியிருப்பார். காகிதத்தில் பார்த்தால் என் பதில் சரிதான்.

2024 மே மாதம் 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி வலையை அமெரிக்கா முடக்கியது. இலவச விபிஎன் என்று நம்பிப் போட்டவர்களின் கம்ப்யூட்டர்கள்தான் அவர்களுக்கே தெரியாமல் அதில் ப்ராக்ஸியாக ஓடின. 190க்கு மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடிக்கும் அதிகமான ஐபிகள். நாங்கள் வாங்கியது அந்த வலையிலிருந்து இல்லை. நாங்கள் வாங்கின இடத்தில் 'ஒப்புதலோடு பெறப்பட்டவை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ப்ராக்ஸியே கூடாது என்று சொல்லவும் வரவில்லை. பாலக்காட்டில் தேடினால் ஒரு வரிசை, பொள்ளாச்சியில் தேடினால் வேறு வரிசை. ரேங்க் பார்க்க அது வேண்டும். ஆனால் லிங்க்? நேராகக் கேட்டு வாங்குகிற லிங்க்குக்கு ப்ராக்ஸி எதற்கு? ஒரே ஐபியிலிருந்து ஊரிலுள்ள கமெண்ட் பெட்டியெல்லாம் நிரப்பினால் தளத்துக்காரர் தடுத்துவிடுவார் என்பதற்காகத்தான். கூகிளிடமிருந்து ஒளிகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வோம். அது வெறும் பேச்சு. லிங்க் எந்த ஐபியிலிருந்து போடப்பட்டது என்பது பெரும்பாலும் கூகிளுக்குத் தெரியவே தெரியாது. அது பார்ப்பது லிங்க்கை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த வார்த்தையில் கட்டியிருக்கிறது என்பதை. ரேஷன் அரிசி கடத்துகிறவன் வண்டி நம்பரை மாற்றுவான், சாக்கு அதே சாக்குதான். நாங்கள் எல்லா இடத்திலும் ஒரே வாசகத்தில் லிங்க் கட்டியிருந்தோம்.

2005லேயே கமெண்ட் லிங்க்குகளுக்கு நோஃபாலோ வந்துவிட்டது, 'இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. 2012 ஏப்ரலில் கூகிளின் பென்குவின் என்ற மாற்றம் வந்து இந்த வகை லிங்க் வைத்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பருக்குப் பிறகு தள்ளுவதைவிட, கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அதிகம். இதையெல்லாம் ரிசார்ட்காரரிடமும் சொன்னேன். "எல்லாரும் பண்றாங்கல்ல, பண்ணுங்க" என்றார்.

பாருங்கள், மறுபடியும் கூகிளுக்கே போய்விட்டேன். அவள் கேட்டது கூகிளைப் பற்றியே இல்லை. கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் எதையோ தேட உட்காரும்போது, 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று வந்திருக்கலாம். ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அதிகபட்சம் அவ்வளவுதான் தொந்தரவு என்று சொல்லிக்கொள்கிறேன். அதே ஐபியில் வேறு யார் என்ன செய்தார்கள் என்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

எங்கள் வீட்டு டிவி பெட்டியிலும் பையன் ஏதோ இலவச ஆப் போட்டு வைத்திருக்கிறான். ராத்திரியில் நெட் இழுக்கிறது. என்ன ஆப் என்று பார்க்கச் சொல்லி வீட்டில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. நான்தான் இன்னும் திறக்கவில்லை.

அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இதனால் இல்லை, சம்பளத்துக்காக. கமெண்ட் லிங்க் வேலையை நாங்களும் நிறுத்திவிட்டோம். மனசாட்சி பாதி, ஜிபி விலை பாதி. அந்த ரிசார்ட் மட்டும் இன்றைக்கும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்த லிங்க்குகளாலா, அவர்களுடைய நல்ல ரிவியூக்களாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரிசார்ட்காரருக்கு அந்தக் குழப்பம் இல்லை. போன மாதம்கூட ஒருவரை எங்களிடம் அனுப்பி, "எனக்குப் பண்ணுனதையே இவருக்கும் பண்ணிக் குடுங்க" என்றார்.