கிணற்று நீரும் வரிக்குதிரை மீன் கருவும்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 20

அப்புச்சியின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு லிட்டர் நீரைக் கண்ணாடிப் புட்டிகளில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கோவைக்குக் கொண்டுவந்தேன். தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அந்த அணையில் சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகும் எங்கள் கிணற்று நீர் கரிக்கத்தான் செய்கிறது.

"இந்தத் தண்ணில மீனு சாவுதான்னு பாக்கப் போறியா கண்ணு?" என்று அப்புச்சி கேட்டார். "சாவறதுக்கு முந்தியே அதுக்குள்ள என்ன ஆகுதுன்னு பாக்கறேனுங்க அப்புச்சி" என்றேன்.

ஜனவரி 22

காலையில் தொட்டியின் விளக்கு எரிந்ததும், ஆய்வகத்தில் வளர்க்கும் சிறு நன்னீர் மீன்களான வரிக்குதிரை மீன்கள் முட்டையிட்டன. கருவுற்றவற்றை மூன்று மணி நேரத்துக்குள் பிரித்து, குழிக்கு ஒன்றாக இட்டு, 26 டிகிரியில் வைத்தேன். ஒரு தட்டில் தூய ஊடகம், ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில், நஞ்சுக்கு எழும் மரபணுவை முடுக்கும் என்று முன்பே தெரிந்த பீட்டா-நாப்தோஃப்ளேவோன் என்ற வேதிப்பொருள். நான்காவது தட்டுக்கே நான் அதிகம் மெனக்கெட்டேன்: சமையல் உப்பையும் சோடியம் சல்பேட்டையும் கரைத்து, கிணற்று நீரின் மின்கடத்துதிறனுக்கு நிகராக்கிய வெறும் உப்புநீர். சாயமேற்றும் தொட்டிகளில் கொட்டப்படுபவை இவ்விரண்டு உப்புகளே. இந்தத் தட்டு இல்லாவிட்டால் உப்பின் விளைவை நஞ்சின் விளைவென்று நான் எழுதிவிடக்கூடும்.

ஜனவரி 25

பெரும்பாலானவை பொரிந்துவிட்டன.

ஜனவரி 26

96 மணி நேரம் முடிந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2013-இல் வெளியிட்ட 236-ஆம் சோதனை நெறிமுறை, மீன் கரு இறந்ததற்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: கரு உறைந்து வெளுத்தல், உடற்கண்டங்கள் உருவாகாமை, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரியாமை, இதயம் துடிக்காமை. கிணற்று நீரில் இருந்தவற்றில் இவை எதுவும் இல்லை. கண்ணாடிபோன்ற உடலுக்குள் இதயம் துடிப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கின்படி இந்த நீரில் குறையில்லை. ஆனால் என் அப்புச்சி குடித்த நீரைப் பற்றி இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த மரபணு எவ்வளவு இயங்கியது என்று காட்டும் ஆர்என்ஏவை, கருக்களைக் குழுக்குழுவாகச் சேர்த்துப் பிரித்தெடுத்தேன்.

ஜனவரி 29

எந்த நீரிலும் மாறாது என்று கருதி பீட்டா-ஆக்டின் மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். உப்புநீரில் அதுவே ஏறியிறங்கியதால் அதை விலக்கி, ஆர்பிஎல்13ஏ மரபணுவுக்கு மாறினேன். அளவுகோலே நீள்கிறது என்றால் எதை அளந்தும் பயனில்லை.

கச்சா எண்ணெய், கரிப்புகை ஆகியவற்றிலுள்ள சேர்மங்கள், டையாக்சின் போன்றவை உயிரணுவில் ஓர் ஏற்பியைப் பற்றும்போது சிஒய்பி1ஏ மரபணு முடுக்கப்படுகிறது. மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியில் ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் ஏறத்தாழ இரட்டிப்பதால், ஒரு மரபணு இரண்டு சுற்று முந்தித் தென்படுவது நான்கு மடங்கு மிகுதியைக் குறிக்கும். பீட்டா-நாப்தோஃப்ளேவோன் தட்டில் எதிர்பார்த்தபடியே சிஒய்பி1ஏ மிகவும் முந்தியது. கிணற்று நீரிலும் முந்தியது, உப்புநீரில் அசையவில்லை. உலோகங்களுக்கு எழும் மெட்டலோதயோனீன் மரபணு இரண்டு நீரிலும் சற்றே உயர்ந்ததால் அதைக்கொண்டு எதையும் சொல்ல மாட்டேன்.

சிஒய்பி1ஏ எந்தப் பொருளையும் பெயர் சொல்லிக் காட்டாது. மரபணு எழுந்ததாலேயே உடல் கெட்டதென்றும் ஆகாது. வேறு இரண்டு நாள் முட்டைகளிலும் இதே விடை வந்த பிறகு, நீரின் ஒரு பகுதியை வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்புவேன். அதுவரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் அப்புச்சிக்கு இன்றிரவு தொலைபேசியில் சொன்னேன்.