அது அழுக்கு இல்லை, ஒளிப்பதிவு

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் பள்ளித் தோழர்களாகத் திரிந்த ஊர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து என்பதால், இங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் சூப்பர்மேனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலவே பேசுவார்கள். அவரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் குறை சொன்னால் கோபமும் வரும். அப்படிப்பட்ட ஊரில், 1978ஆம் ஆண்டு ரிச்சர்ட் டோனர் இயக்கி வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தின் மிகத் துல்லியமான 4கே டிஸ்கை வாங்கி வைத்திருந்த என் அலுவலக நண்பர், புதிய தொலைக்காட்சியையும் சேர்த்துக் காட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு, ஒரு சனிக்கிழமை மாலை என்னையும் என் மனைவியையும் தம் வீட்டுப் பேஸ்மென்ட்டுக்கு அழைத்தார். 143 நிமிடப் படம். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் போனோம்.

அங்கே ஏற்கெனவே இருவர் முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் நண்பரின் மாமனார். படம் வெளிவந்தபோதே தியேட்டரில் பார்த்தவர். மற்றவர் பக்கத்து வீட்டுக்காரர். பழைய வீடியோ கேசட்டில் தொடங்கி, 2001ஆம் ஆண்டின் டிவிடி, அதற்குப் பின் வந்த ப்ளூ-ரே என்று இந்த ஒரே படத்தை எத்தனை வடிவங்களில் விற்றார்களோ அத்தனையையும் காசு கொடுத்து வாங்கியவர். இவ்விருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தது நண்பர் செய்த முதல் பிழை.

பெயர்கள் பறந்து வரத் தொடங்கின. ஜான் வில்லியம்ஸின் இசை முழங்க முழங்க, நீல ஒளிக்கீற்றுகளாகப் பெயர்கள் சில நிமிடங்களுக்கு வந்துகொண்டே இருந்தன. முதலில் மார்லன் பிராண்டோ, அடுத்து ஜீன் ஹேக்மேன், அதற்குப் பிறகுதான் படத்தின் பெயர். நண்பரின் பத்து வயது மகள், சூப்பர்மேனாக நடித்தவரின் பெயர் எங்கே என்று கேட்டாள். அது மூன்றாவதாகத்தான் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கினார். ஆள் எப்போது வருவார் என்றாள். கிறிஸ்டோபர் ரீவ் முகத்தைக் காட்டவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்ற செய்தியைக் கேட்டதும், அவள் எழுந்து போய் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பாப்கார்னோடு திரும்பி வந்தாள்.

சூப்பர்மேன் வளர்ந்த ஸ்மால்வில் ஊரின் கோதுமை வயல் வந்தபோது மாமனார் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு மீண்டும் கழற்றித் துடைத்தார். அதிலும் திருப்தி இல்லாமல், அந்தத் துணியோடு எழுந்து போய்த் தொலைக்காட்சித் திரையை மேலிருந்து கீழாகத் துடைக்கத் தொடங்கினார். சூப்பர்மேனின் வளர்ப்புத் தாய் மார்த்தா கெண்ட்டின் முகத்தில் இரண்டு முறை துணி போய்வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய், அது அழுக்கு இல்லை, ஒளிப்பதிவு என்று கத்தினார். ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் வேண்டுமென்றே ஒளியை மெல்லப் பரவவிட்டு, பனிமூட்டம் படர்ந்தாற்போல் எடுத்திருக்கிறார். படம் வெளியாவதைப் பார்க்காமலே அவர் இறந்துபோனதால் படமே அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. மாமனார் அசரவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைக்காட்சியில் பனிமூட்டம் எதற்கு என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் கட்சி பக்கத்து வீட்டுக்காரர் கட்சிதான். அந்த மென்மையைச் சுரண்டி எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கியிருந்தால், அந்த வயலில் நிற்கும் மூதாட்டியைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைத்திருக்காது. 2018ஆம் ஆண்டு இந்த டிஸ்கைத் தயாரித்தவர்கள் அதில் கைவைக்காமல் விட்டது பெரிய புண்ணியம்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெட்ரோபோலிஸ் நகரம் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரே குறை சொல்லத் தொடங்கினார். ஆட்கள் நடப்பது மதிய நேரத் தொலைக்காட்சித் தொடர் போல வழவழவென்று இருக்கிறதாம், டிஸ்கையே கெடுத்துவிட்டார்களாம், தம்மிடம் உள்ள கேசட்டே மேலாம். அந்தக் கேசட்டில் அகலத்திரைப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டியிருப்பார்களே என்று நண்பர் கேட்டதற்கு, வெட்டினாலும் அது சினிமா மாதிரி இருந்தது என்றார். 2001 டிவிடியில் ஒலியை மாற்றிய கதை, தொலைக்காட்சிக்காக 188 நிமிடமாக நீட்டிய கதை என்று பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்க, சிறுமி ரிமோட்டை எடுத்து நாலைந்து பொத்தான்களை அழுத்தினாள். வினாடிக்கு 24 சட்டகங்களாக (ஃபிரேம்களாக) எடுத்த படத்துக்கு நடுவே, தொலைக்காட்சி தானாகவே புதுச் சட்டகங்களை உருவாக்கிச் செருகிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவள் அணைத்த மறுகணமே மெட்ரோபோலிஸ் மறுபடியும் சினிமா ஆனது. டிஸ்க் நிரபராதி. பக்கத்து வீட்டுக்காரர் அரைமனதாக, பரவாயில்லை என்றார்.

ஹெலிகாப்டரிலிருந்து நாயகி லோயிஸ் தொங்கியபோது மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றது.

கடைசியில் சூப்பர்மேன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்பினார். இப்படியும் ஒரு முடிவா என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் அந்த முடிவை இரண்டாம் பாகத்துக்குத்தான் வைத்திருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அவருடைய கோபம் இரண்டு மடங்காயிற்று. நேரத்தைத் திருப்ப முடியுமானால் முதல் முக்கால் மணி நேரத்தை ஏன் ஓட்டிவிடக் கூடாது என்பது சிறுமியின் வாதம்.

இடையிடையே நிறுத்தி நிறுத்தி வாதாடியதில் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இரண்டாம் பாகத்தில் டோனர் எடுத்த காட்சிகளை வைத்துத் தொகுத்த பதிப்பு தம் வீட்டில்தான் இருக்கிறது, ஐந்தே நிமிடத்தில் எடுத்து வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் படியேறினார். அவர் திரும்புவதற்குள் நாங்கள் காரை எடுத்துவிட்டோம்.